இழுக்கும் கால்

இன்று டேப்லெட் திடீரென்று உறைந்துவிட்டது. ஜங்லிகாட்டில் உள்ள ரிப்பேர் கடைக்கு ஓடினேன்.

"ரீசெட் பண்ணா எல்லாம் அழிஞ்சிடும், ஆன்ட்டி. பேக்கப் இல்லியா?" என்றார் கடைக்காரர் ராஜு.

நம் தீவின் ஆமை வேக நெட்டில் பேக்கப்பா?

மறைந்த என் கணவர், ஹேடோ ஜெட்டியில் படகிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து வருகிறார்: இதுதான் நான் செய்யும் அனிமேஷன். அதற்காக நான் ஒவ்வொன்றாக வரைந்த முந்நூறு படங்கள் டேப்லெட்டில் இருந்தன.

"ரீசெட் பண்ணக் கூடாது" என்றேன். ராஜு ஒரு மணி நேரம் போராடினார். நான் உட்காரவே இல்லை.

திரை ஒளிர்ந்தது. அதில் என் கணவர் நடந்தார்.

அவரை நேரில் அறிந்த ராஜு உற்றுப் பார்த்தார். "சாருக்கு இடது கால்தானே இழுக்கும்?"

கண்ணாடி முன் நானே அப்படி நடந்து, அதில் தெரிந்ததை வரைந்திருந்தேன். இடவலம் மாறி, படத்தில் இழுத்தது வலது கால்.

"டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க ஆன்ட்டி. சாரை மட்டும் இடவலமா திருப்பிப் போடுங்க."

திருப்பினால் நடக்கும் திசையும் மாறி, ஜெட்டிக்கே போய்விடுவாரே!

முதல் படத்திலிருந்து மீண்டும் வரையப்போகிறேன். என் முன்னால் இடது காலை இழுத்து நடந்து காட்ட யார் வருகிறீர்கள்?