தணல் சட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தில் பிள்ளை பெற்றவளின் அறையில் ஒரு மண்சட்டி இருக்கும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிக் காயவைத்த மிலாற்றுக் குச்சிகள் எரிந்து அடங்கியதும், அந்தத் தணலைச் சட்டியில் அள்ளிக் கட்டிலருகே வைப்பார்கள். எங்கள் கந்தப்பளை மலைக் குளிர் அப்படி. சட்டியிலிருந்து புகை வராது, வாடை வராது. அடுப்புப் புகையை நாங்கள் திட்டாத நாளில்லை. இந்தச் சட்டியை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

என் மகளோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் விடாத மழை. கணவர் கொழும்பில் கடை வேலையில் இருந்தார். மாமியார் ஜன்னலில் சாக்கு அடித்தார், கூரைச் சந்துகளில் பழைய பத்திரிகையைத் திணித்தார், கதவின் அடியில் கம்பளியைச் சுருட்டி வைத்தார். எல்லாம் அன்புதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. இரண்டாம் நாளே எனக்குத் தலையை இடித்தது, குமட்டியது. "குளிரு ஏறிருச்சு புள்ள" என்று மாமியார் இன்னும் கொஞ்சம் தணல் போட்டார். தலைவலி கூடக் கூட, தணலும் கூடியது. பிள்ளையோ பாலுக்குக்கூட அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாள். பார்க்க வந்தவர்களெல்லாம் சமத்துப் பிள்ளை என்று மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். நாலாம் நாள் மத்தியானம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடியும் போனார். அடுத்த தடவை உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கேட்டார்.

"அம்மா, குளிருல வர்ற தலைவலின்னா வெளிய போனா கூடணும்ல? எனக்கு வெளிய போனா விட்டுருது, உள்ள வந்தா பிடிக்குது. இவளுக்கும் அதே வலிதான். அது எப்படி?"

"பச்ச ஒடம்புக்காரி படுத்திருக்கா. மொதல்ல கதவச் சாத்து" என்றார் மாமியார்.

அண்ணி கதவைச் சாத்தவில்லை. பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார், உள்ளங்காலைச் சுண்டினார். அவள் கண் திறக்கவில்லை. தூக்கியபோது கை துவண்டு தொங்கியது. அதற்குமேல் அண்ணி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "நீயும் எந்திரிச்சு வா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பிள்ளையைக் கம்பளியோடு அணைத்துக்கொண்டு சாரலில் இறங்கினார். மாமியார் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட வழியில்லை, இன்னும் பெயரே வைத்திருக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. பிறகு மகள் அழுதாள். அந்த அழுகை லயத்தின் கடைசி வீடு வரை கேட்டது. நான் படியில் உட்கார்ந்து சிரித்தேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எங்கள் இருவருக்கும் மூச்சுக்கு முகமூடி போட்டு ஒட்சிசன் கொடுத்தார்கள். தணலிலிருந்து ஒரு நச்சு வாயு வருமாம். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அடைத்த அறையில் ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடுமாம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பிள்ளை கிடைத்திருக்காது என்றார் டாக்டர். வெளியே தூக்கி வந்தது யார் என்று அவர் கேட்டபோது, அண்ணி ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவர்போல மெல்லக் கையை உயர்த்தினார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது எட்டு வயது. வாய் ஓயாது. பிள்ளை பிழைத்தது தன்னால்தான் என்று அண்ணி ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. மாமியாரும் அந்த நாளைப் பற்றி வாயே திறந்ததில்லை. அதுதான் எனக்கு மனதில் ஒரு குறையாக இருந்தது.

போன மாதம் பக்கத்து வீட்டு மருமகள் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு வந்தாள். நானும் மாமியாரும் பார்க்கப் போனோம். வெளியே மழை, உள்ளே கட்டிலருகே தணல் சட்டி. நான் வாயெடுக்குமுன் மாமியார் முழங்கால் வலியோடு குனிந்து, கந்தல் துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் மழையில் கவிழ்த்தார். வீட்டுக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"காலங்காலமா வைக்கிறதுதானேக்கா?"

"நானும் அப்படிச் சொல்லித்தான் எம்பேத்திய சாகக் குடுக்கப் பாத்தேன். எம்மக வந்து காப்பாத்துனா. குளிருச்சுன்னா இன்னொரு கம்பளி போத்து" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் சாக்கையும் பிடுங்கினார்.

நான் நேரே பிள்ளைக்காம்பராவுக்கு ஓடிப்போய் அண்ணியிடம் சொன்னேன். அவர் இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று.

"அம்மாவா சொன்னாங்க?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் முழுதாகச் சொன்னேன்.