தினைக்காட்டில் கட்டிய பாட்டு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன். முதலில் சின்னவர் படிக்கட்டும். பிறகு யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு காப்பி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறேன். முதலாளியின் தம்பியைத்தான் சின்னவர் என்போம். வாலிபத்தில் அவர் கிட்டார் வாசிப்பார். பெங்களூரில் மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஓர் இங்கிலீஷ் கேசட் போட்டார். எட்டுப் பாட்டு. ராக் என்றார்கள். டிரம்ஸ் எவ்வளவு அடித்தாலும் அதற்குள் கிட்டார் இழைந்து இழைந்து போகும். வார்த்தை புரியாத எனக்கே மெட்டு வாயில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் கேசட் வெளிவந்த நேரத்தில், இங்கிலீஷ் பாட்டுக் கேட்கிற பையன்களின் ருசி மாறிப் போயிருந்தது. கரகரவென்று கத்துகிற பாட்டுதான் வேண்டுமாம். இது பழைய மாதிரி என்று கடைக்காரர்கள் திருப்பிவிட்டார்கள். இரண்டு அட்டைப்பெட்டிகள் சேலம் பஸ்ஸின் மேல் ஏறி, எங்கள் மலையில் பஸ் வந்து நிற்கிற ஒண்டிக்கடைக்கு வந்தன. நான்தான் இறக்கினேன்.

சின்னவர் பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை.

"கொண்டு போ கண்ணு. என்ன வேணாலும் பண்ணிக்கோ. என் கண்ணுல படாம இருந்தாச் சரி."

என் ஊர் கொட்டச்சேட்டில் எங்களுக்குக் கொஞ்சம் தினைக்காடு உண்டு. கதிர் பால் பிடிக்கும்போது குருவிகள் கூட்டமாக வந்து இறங்கும். கேசட் நாடாவை உருவிக் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டினால், காற்றில் ஓயாமல் இரையும், வெயிலில் மின்னும். குருவி அண்டாது. எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். மூன்று நான்கு வருடத்தில் இரண்டு பெட்டியும் காட்டில் தீர்ந்தன. ஒரே ஒரு கேசட்டை மட்டும் ஜீப்பில் போட்டுக் கேட்பதற்கு வைத்துக்கொண்டேன்.

போன மாதம் சின்னவர் பெங்களூரிலிருந்து போன் செய்தார். எனக்குத் தலை நரைத்துவிட்டது, அவருக்கு நான் இன்னும் கண்ணுதான்.

"வெளிநாட்டுல ஒருத்தன் நம்ம பாட்டைத் தேடறானாம் கண்ணு. மறுபடியும் போடலாங்கறான். ஸ்டுடியோவுல இருந்த நாடா மழைத் தண்ணில ஊறிப் போச்சு. எங்க நாலு பேருகிட்டயும் ஒண்ணுகூட இல்லை. அந்த ரெண்டு பெட்டி இருக்குதுல்ல?"

"இருக்குதுங்க" என்றேன். பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஞாயித்துக்கெழமை வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிறுக்கு நான்கு நாள் இருந்தது. ஜீப்பில் இருந்த கேசட்டை எடுத்துப் பார்த்தேன். இங்கத்து ஈரத்தில் நாடா ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. அதோடு, முன்பு ஒருமுறை பிளேயர் நாடாவைச் சுற்றிக் கடித்ததில், கசங்கிய துண்டை வெட்டிவிட்டு செலோ டேப் ஒட்டியிருந்தேன். ஓட்டிப் பார்க்கவும் பயம். அறுந்தால் அதுவும் போச்சு.

என் வீட்டுக்காரி சிரித்தாள். "குருவிக்குப் பாட்டுக் கட்டுன ஆளுன்னு ஊருக்கே தெரியும். அவருகிட்ட மட்டும் ஏனுங்க மறைக்கறீங்க? போய்ச் சொல்லுங்க, தலையவா வாங்கிருவாரு?"

ஞாயிற்றுக்கிழமை பங்களா வாசலில் அந்த ஒரே கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றி நீட்டினேன். காட்டில் கட்டியதையும் வெட்டி ஒட்டியதையும் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன். அவர் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார்.

"ரெண்டு பெட்டியுமா?"

"ஆமாங்க."

"நல்லா எரைஞ்சுதா?"

"நொம்ப நல்லா எரைஞ்சுதுங்க. ஒரு குருவி வரலீங்க."

"கடைக்காரனும் ஓடுனான், குருவியும் ஓடிருச்சா!" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கேசட்டைச் சட்டைப்பைக்குள் வைத்து, மேலே கையை வைத்துப் பொத்தியபடியே காரில் ஏறினார்.

எட்டு நாள் கழித்துப் போன் வந்தது. பெங்களூரில் யாரோ பூஞ்சையைத் துடைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஏழு பாட்டு முழுசாகத் தேறிவிட்டது. ஆறாவது பாட்டில் மட்டும், நான் வெட்டிய இடத்தில், கிட்டார் தனியாகப் போகிற துண்டு இல்லை. நாடாவின் அடுத்த பக்கத்தில் அந்த இடம் பாட்டு இல்லாத வெறும் நாடாவாம், அதனால் அது தப்பித்தது.

"அங்க என்ன வாசிச்சேன்னு எனக்கே நெனப்பு வரலை. மத்தவங்களுக்கும் தெரியலை. வெட்டறதுக்கு முந்தி நீதான் வருசக்கணக்காக் கேட்டிருக்கறே. பாடு கண்ணு."

நான் கோயிலில்கூட வாய் திறந்து பாடாதவன். வெள்ளக்கடை ரோட்டோரம் ஜீப்பை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். வெளியே மூடுபனி. போனை வாயருகே வைத்து முனகினேன். "மறுபடியும்" என்றார். முனகினேன். "இன்னொருக்கா." முனகினேன்.

"இதுதான்னு நெனைக்கறேன்" என்றார் அவர்.

நினைக்கிறேன் என்றாரே, அதுதான் என்னை அரிக்கிறது. மூன்றாம் முறை, முடிகிற இடத்தை நான் வேறு மாதிரி இறக்கிவிட்டேன். முதல் இரண்டு முறையும் மெட்டு இறங்காமல் மேலேயே நின்றது. எது அவர் வாசித்தது, எது இத்தனை வருடத்தில் நானாகச் சேர்த்துக்கொண்டது என்று எனக்குத் தெரியவில்லை. போனில் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. போட்டுக் கேட்டுச் சொல்ல வேறு கேசட்டும் இல்லை. அதைத்தான் நான் குச்சியில் கட்டிவிட்டேனே.

வருகிற திங்கட்கிழமை அந்தத் துண்டை வாசித்துப் பதிவு செய்கிறாராம். அதற்குள் இந்தத் தாள் அவர் கைக்குப் போய்விட வேண்டும். சின்னவரே, மேலே நிற்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. ஆனால் சத்தியம் பண்ண மாட்டேன்.

ஐப்பசி ஏழு, செவ்வாய்க்கிழமை.