கெட்டியாக ஒரு துண்டு

என் வீட்டுக்காரர் ஐந்தருவிக்குப் போகிற பாதையில் ஒரு பங்களாவில் வெள்ளைக்காரத் துரைக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் துரையும் அவர் சம்சாரமும் சீமைக்குத் திரும்பினார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். மற்ற வேலைக்காரர்கள் கட்டில், நாற்காலி என்று தூக்க, இவர் கேட்டு வாங்கியது கையால் சுற்றி ரொட்டி வெட்டுகிற மெஷினை.

தென்காசியில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. அடுப்படிப் பலகையின் விளிம்பில் அதைத் திருகி மாட்டினார். பல் வைத்த வட்டக் கத்தி, மரப்பிடி போட்ட கைச்சக்கரம், துண்டின் கனத்தைக் கூட்டவும் குறைக்கவும் பக்கத்தில் ஒரு திருகு. எங்கள் பக்கத்தில் காய்ச்சல் வந்தால்தான் ரொட்டி வாங்குவார்கள். இவரோ ஞாயிற்றுக்கிழமை தோறும் முழு ரொட்டியோடு வந்துவிடுவார். விரல் கனத்துக்கு வெட்டி, நெய் தடவிக் கல்லில் வாட்டி, சர்க்கரை தூவி எனக்கு நீட்டுவார். பஞ்சைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பேன். சிரித்துக்கொண்டே அடுத்த துண்டை வெட்டுவார்.

கல்யாணமாகி நாலாவது வருஷம் பங்குனியில் அவருக்கு விஷக்காய்ச்சல் கண்டது. மூன்று வாரம் பார்லிக் கஞ்சித் தண்ணீர்தான். காய்ச்சல் இறங்கியதும், ஓரத்தை எடுத்துவிட்டு மெல்லிசாக ஒரு துண்டு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். குடல் முழுக்கப் புண், கனமாக எதுவும் உள்ளே போனால் ஓட்டை விழுந்துவிடும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அதுவரை நான் அந்த மெஷினைத் தொட்டதில்லை. முதல் நாள் ரொட்டி பிய்ந்து தூளாகியது. படுத்தபடியே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தார்.

"வேகமாச் சுத்தாதட்டி. ரொட்டியைத் தள்ளாத, அதுவா வரட்டும்."

இரண்டு நாளில் கை பழகிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வெட்டினேன். நாலாம் நாள் அந்தத் துண்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். உடம்பு கூடாகிப்போயிருந்தது. பசி மட்டும் திரும்பியிருந்தது.

"கெட்டியா ஒரு துண்டு வெட்டித் தாட்டி. ஒண்ணே ஒண்ணு."

டாக்டர் சொல்லாமல் தரமாட்டேன் என்றேன்.

"நா வெட்டிப் போட்டு ஊரே தின்னுருக்கு. எனக்கு ஒரு துண்டு இல்லையா?"

பால் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தொடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிடிவாதமாகச் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. உடம்பு தேறட்டும், ஆசை தீர வெட்டிக் கொடுப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் காய்ச்சல் மறுபடி ஏறியது. மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டார்.

மீதி ரொட்டியில் எறும்பு மொய்த்துக் கிடந்ததை மாமியார் எடுத்து எறிந்தாள். மெஷினைக் கொழுந்தன் கேட்டான். கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். அவன் அதைக் குற்றாலத்தில் ஒரு ஓட்டலுக்கு விற்றதாகக் கேள்வி.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து, கோயில் வாசலில் அந்த டாக்டரைப் பார்த்தேன். வெகுநாளாக மனத்தில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்: அன்றைக்கு அவர் கேட்ட துண்டைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"அன்னைக்கே போயிருப்பாரும்மா. நீ செஞ்சதுதான் சரி."

நல்ல மனசோடுதான் சொன்னார். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கொடுக்காததால் அவரோடு எனக்கு மூன்று நாள் கூடக் கிடைத்திருக்கிறது. அந்த மூன்று நாளும் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ச்சல் மயக்கமா, கோபமா என்று எனக்குத் தெரியாது.