கொச்சியில் மேடு தேடிய கதை

கப்பலிலிருந்து இறங்கிக் கொச்சித் துறைமுகத்தில் காலை வைத்ததும் தரை ஆடியது. இரண்டு நாள் கடலில் கிடந்துவிட்டு வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று எங்களைக் கூட்டி வந்த பேராசிரியை சொன்னார். எனக்குப் பயமாக இல்லை, சிரிப்பு சிரிப்பாக வந்தது. நூற்றுச் சொச்சம் மாணவ மாணவியர் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவர்கள் போலக் காலை அகட்டி அகட்டி நடந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. அதிலும் என் தோழி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கம்பியில் நடக்கிறவள் மாதிரி வந்தாள்.

நான் கொல்லிமலைக்காரி. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; திருப்புலி நாட்டில் எங்கள் வீடு. மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிறோம். நாமக்கல்லில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பல கல்லூரிகளிலிருந்து பிள்ளைகளைச் சேர்த்துக் கப்பலில் கூட்டிப்போகும் பயணம் ஒன்றில் எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. ஒருத்தி நான். இன்னொருத்தி இந்தத் தோழி, வாசலூர்பட்டிக்காரி. அவள் ஊரில் ஏரியும் படகுத்துறையும் இருக்கிறதல்லவா, சென்னையில் கப்பல் ஏறிய நிமிடத்திலிருந்து அவள் அலட்டல் தாங்கவில்லை. "எங்கூருக்கு இதெல்லாம் புதுசில்ல புள்ள" என்றவள், முதல் நாளே குடலைப் பிடுங்குகிற மாதிரி வாந்தி எடுத்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "ஏதாச்சும் ஒரு பாறையாப் பாத்து என்னைய எறக்கி உடச் சொல்லு" என்று அனத்தினாள். நான் நன்றாகத்தான் இருந்தேன். அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டவும் தவறவில்லை.

கொச்சியில் ஒரே ஒரு பகல் இறங்குவோம், மறுபடியும் கடல் வழியே சென்னை. அந்த ஒரு பகலுக்காக நான் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஊர் பார்க்கும் ஆசை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. அப்பா என்னோடு பேசிப் பதினேழு நாள் ஆகியிருந்தது.

அப்பாவுக்குத் தண்ணீர் ஆகாது. எவ்வளவு செங்குத்தான பள்ளத்திலும் இறங்குவார், மிளகுக்கொடி படர்ந்த மரத்தின் உச்சிக்கு ஏறுவார். இடுப்பளவுத் தண்ணீர் என்றால் மட்டும் இரண்டு மைல் சுற்றிக்கொண்டு போவார். சின்ன வயதில் நான் வாசலூர்பட்டி ஏரியில் மிதிபடகில் ஏறியபோது, கரையோடு கரையாக ஓடிக்கொண்டே "போதும், வந்துரு, வந்துரு" என்று அவர் கத்தியதை மலை பார்க்க வந்தவர்கள் எல்லாம் படம் பிடித்தார்கள். அப்படிப்பட்டவரிடம் கப்பல் என்றால் என்ன சொல்வார்? "ஆழந் தெரியாம கால உடாத" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் நீளம். "நீங்க பயந்தாங்கொள்ளியா இருந்தா நானும் அப்படியே இருக்கோணுமா" என்று கேட்டுவிட்டேன். எழுந்து போனவர்தான். அதற்குப் பிறகு சோறு வைத்தால் சாப்பிட்டார், பேச்சு இல்லை. நான் கிளம்பிய அன்றைக்குக் காட்டு வேலை இருக்கிறது என்று முன்னாலேயே போய்விட்டார். எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அவர் புத்திதானே எனக்கும்.

அம்மாதான் வழி சொன்னாள். எங்கள் குடியிருப்பில் போனுக்குச் சிக்னல் கிடையாது. மேலே மொட்டைப்பாறை ஒன்று இருக்கிறது, கால் மணி நேர ஏற்றம். அங்கே போய் நின்றால்தான் பேச முடியும். "நீ கொச்சியில எறங்குற அன்னிக்குச் சரியாப் பதினோரு மணிக்குக் கூப்புடு. உங்கப்பன எப்படியாச்சும் பாறைக்கு இழுத்துட்டு வாரேன். கடலையும் காட்டு, உம் மூஞ்சியையும் காட்டு. நீ முழுசா இருக்கறதப் பாத்தா மனசு எளகிரும். அன்னிக்கு உட்டுட்டா அப்புறம் அந்த மனுசன என்னால ஏத்த முடியாது" என்றாள். கப்பலில் பேச வழியில்லை. எனக்கு வாய்த்தது அந்த ஒரு பதினோரு மணிதான்.

பஸ்ஸில் ஏற்றி ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் எங்களை இறக்கிவிட்டபோது மணி பத்து. நாலு மணிக்குப் பஸ் கிளம்பிவிடும், தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகச் சுற்றலாம் என்று பேராசிரியை சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் இருவரும் ஓடிவிட்டோம். எங்கே திரும்பினாலும் புதுசு. தெருவையே மூடிக்கொண்டு நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள், மஞ்சள் சுவர்கள், பூட்டு, புதினா, எலுமிச்சம்பழச் சாறு எல்லாவற்றையும் ஒன்றாக விற்கும் ஒரு வண்டி. கரையோரத்தில் சீன வலைகள். பெரிய பெரிய மரக்கழிகளைக் கூட்டிக் கட்டி, ஒரு பக்கம் வலை, மறு பக்கம் கயிற்றில் கருங்கற்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஆட்கள் கயிற்றை இழுத்தால் வலை தண்ணீரை விட்டு எழும்புகிறது. எங்களைப் பார்த்து ஒருவர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். கரும்பு தின்னக் கூலியா? செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நானும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். வலை வந்தது. உள்ளே கைப்பிடி மீனும் கோபமாக ஒரு நண்டும். என்னவோ நானே கடலை வாரிக் கொண்டுவந்து போட்ட மாதிரி குதித்தேன்.

பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. தோழியின் போனிலும் இல்லை.

மலைக்காரர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றும் கிடையாது. சிக்னல் இல்லையா, மேட்டுக்கு ஏறு. போன் கையில் வந்த நாளிலிருந்து அதைத்தான் செய்கிறோம். போனில் குறை இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே தோன்றாது. குறை எப்போதும் நிற்கிற இடத்தில்தான். சுற்றிலும் ஊரே போனில் பேசிக்கொண்டிருந்தது. "அவுங்க சிம்மு வேற" என்று தோழி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆனால் அந்தப் பாழாய்ப்போன ஊரில் மேடே இல்லை. எங்கள் ஊரில் எந்தத் திசையில் பத்து எட்டு வைத்தாலும் ஏற்றமோ இறக்கமோ இருக்கும். இங்கே விரித்துப் போட்ட பாய் மாதிரி கிடக்கிறது. கடற்கரைப் பாறாங்கற்கள் மேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தோம். ஒன்றுமில்லை. சிமெண்டு பெஞ்சு மேல் ஏறினோம். தோழி செருப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் முதல் கவட்டை வரைக்கும் ஏறிவிட்டாள். ஒரு போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டு வந்தார். "ஏனுங்க, சிக்னல் பாக்கறனுங்க" என்று மேலே இருந்தே அவள் பணிவாகப் பதில் சொன்னாள். அவர் என்ன நினைத்தாரோ, இறங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

மணி பதினொன்று இருபது. அம்மா பாறையில் நிற்பாள், அப்பாவும் நிற்பார், போன் அடிக்காது. "பாத்தியா, நான் சொன்னனில்ல" என்று அப்பா இறங்கிவிடுவார். ஓர் ஆட்டோக்காரரை நிறுத்தி, "இங்க மேடு எங்கீங்க இருக்குது" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. கையை மேலே மேலே தூக்கிக் காட்டினேன். "குன்னோ? குன்னு இவிடெ இல்லல்லோ" என்றார். குன்று இல்லையென்றால் உயரமாக ஏதாவது, மாடியாவது என்று தோழி ஆட்டோ மேலே ஏறப் போகிறவள் மாதிரி நடித்துக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே எங்களை ஏற்றி மட்டாஞ்சேரியில் பழைய கிடங்குகள் இருக்கும் தெருவில் கொண்டுபோய் விட்டார்.

இறங்கியதும் மூக்கில் ஏறியது மிளகு. மூட்டை மூட்டையாக, தெரு முழுக்க. அந்தப் பதற்றத்திலும் எனக்கு ஒரு துள்ளல் வந்தது, நம் வீட்டு ஆள் ஒருவர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி. மூன்று மாடிக் கிடங்கு ஒன்றின் வாசலில் ஓர் அக்கா சுக்கைப் புடைத்துக்கொண்டிருந்தார். மாடிக்குப் போகலாமா என்று கெஞ்சினேன். "எந்தினா?" என்றார், எதற்கு என்கிறார் போல. போனைக் காட்டினேன், மேலே காட்டினேன், அப்பா என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன புரிந்ததோ, முறத்தை வைத்துவிட்டு மரப்படியில் எங்களுக்கு முன்னால் ஏறினார்.

மொட்டை மாடியில் சுக்கு காய்ந்தது. அதைத் தாண்டிப் பார்த்தால், அடி ஆத்தி, முழுக் கடலும் அங்கே இருந்தது. காயல் என்கிற உப்பங்கழி, தீவுகள், ஓடங்கள், தூரத்தில் எங்கள் வெள்ளைக் கப்பல். "ஏ புள்ள, நம்ம கப்பலு, நம்ம கப்பலு" என்று தோழி குதித்தாள். நானும் எல்லாவற்றையும் மறந்து அவளோடு சேர்ந்து குதித்தேன். பிறகு போனைப் பார்த்தேன். சிக்னல் இல்லை. மணி பன்னிரண்டரை. இதற்கு மேல் ஏற வானம்தான் இருந்தது. அந்தச் சுக்குக்கு நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

அந்த அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினார். ஒரு பார்வை பார்த்தார். திரையை மேலிருந்து கீழே ஒரு தள்ளு தள்ளி, ஒரே ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"மோளே, இது ஃப்ளைட் மோடாணு."

சென்னையில் கப்பல் ஏறும்போது, கடலில் சிக்னல் தேடித் தேடிச் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று எல்லாரையும் போனை ஃப்ளைட் மோடில் போடச் சொன்னார்கள். போட்டோம். இறங்கியதும் மற்ற பிள்ளைகள் எல்லாரும் எடுத்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்து, ஒரு மரத்திலும் ஒரு கிடங்கிலும் ஏறி முடித்திருக்கிறோம். தோழி என் முகத்தைப் பார்க்காமல் தன் போனை எடுத்து அவளும் அதே இடத்தில் விரலை வைத்தாள். "காலேஜுல ஆருகிட்டயும் சொல்லிராத" என்றாள். சத்தியம் செய்துகொண்டோம். இன்றைக்குத்தான் மீறுகிறேன்.

அம்மாவின் எண்ணுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்து நின்றுவிட்டது. இந்நேரம் வீட்டுக்கு இறங்கியிருப்பாள், அங்கே அடிக்காதே, பின்னே எப்படி அடிக்கிறது என்று எனக்குக் குழப்பம். மறுபடி கூப்பிட்டேன். திரையில் ஒரு காது வந்தது. நரைத்த முடி. அதற்கு மேல் மழைக்குக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்ட சாக்கு, அதிலிருந்து சொட்டுகிற சாரல்.

"ஆரு?"

அப்பாவின் காது.

"நாந்தானுங்கப்பா. போனைக் காதுல வெக்காதீங்க, மூஞ்சிக்கு நேராப் புடியுங்க."

காது போய் மூக்கு வந்தது, மூக்கு போய் முழு முகம் வந்தது. அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு வாய்த்துடுக்காப் பேசிப்போட்டனுங்கப்பா. தப்புதானுங்க."

"மொதல்ல கையக் காலக் காட்டு" என்றார்.

காட்டினேன். தோழி போனை வாங்கித் தலை முதல் கால் வரை என்னைக் காட்டினாள். "செரி, முழுசாத்தான் இருக்கற" என்றார் அப்பா. நான் போனைத் திருப்பிக் கடலைக் காட்டினேன். அவர் போனுக்கு இன்னும் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு, "எம்புட்டுத் தண்ணி" என்றார், "இதுல எப்பிடிக் கண்ணு தூங்குன?"

"நல்லாத்தானுங்க தூங்குனேன். அம்மா எங்கீங்க?"

"அவ பன்னெண்டு வரைக்கும் நின்னு பாத்துட்டு அழுதுட்டே ஊட்டுக்கு வந்தா. நான் வரமாட்டேன்னு சொல்லியிருந்தேன் அவகிட்ட. அப்புறம் மாட்டப் பாத்துட்டு வாரேன்னு சொல்லிப்போட்டு, போனை மடியில கட்டிட்டு வந்தேன். நீ சொல்லிராத."

"தனியா வந்து எவ்வளவு நேரமுங்க ஆச்சு?"

"இன்னிக்கா?" என்றார் அப்பா. சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீ கப்பலேறுன நாள்ல இருந்து தெனமும்தான் வாரேன். கப்பல்ல சிக்னல் கெடைக்காதுன்னு உங்கம்மா சொன்னா. கெடைச்சாலும் கெடைக்குமில்ல."

இரண்டு நாள் நான் நடுக்கடலில் சிரித்துக் கூத்தடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் அந்தப் பாறையில் அடிக்காத போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். என் கண்ணீர் திரை மேல் விழுந்து அப்பாவின் முகம் கலங்கியது. துடைக்கத் துடைக்க விழுந்தது.

"அழுவாத சாமி" என்றார் அப்பா. "போன்ல தண்ணி பட்டாக் கெட்டுப்போயிரும். அப்புறம் நாளைக்கு நான் ஆரக் கூப்புடறது?"