சுவருக்கு இந்தப் பக்கம் பச்சைக் கோட்டு

விமானத்துக்குச் சாமான் செய்கிறவர்கள் விமானத்தில் ஏறியிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நாங்கள் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற ஜாதி. மேல்கம்பியைப் பிடித்தபடி தூங்கிப் பழகியவர் என்றால் உங்களுக்கு எங்களைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

திண்டிவனத்தைத் தாண்டி ஒரு பட்டறை. அலுமினியக் கட்டியைக் கடைந்து, விமானத்தின் கதவை அதன் உடம்போடு சேர்த்துப் பிடிக்கிற சின்னச் சின்னப் பிடிகளைச் செய்கிறோம். பெரிய பயணிகள் விமானம் என்றால் உலகத்தில் முக்கியமாக இரண்டு கம்பெனிகள்தான். ஒருத்தன் ஒரு விமானம் விற்றால் இன்னொருத்தனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பேரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஒருத்தனுக்கு வேலை செய்கிறவர்களுக்கு நீலக் கோட்டு, இன்னொருத்தனுக்குச் செய்கிறவர்களுக்குப் பச்சைக் கோட்டு; அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

நீலம் பழைய வாடிக்கை. பச்சை புதுசு. முதலில் ஒரே ஒரு பிடியை மாதிரிக்குச் செய்து அனுப்பச் சொன்னார்கள். அது தேறினால் பச்சைப் பிரிவு நிற்கும். தேறாவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள். நானும் என்னோடு இருக்கும் பெண்களும் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் அங்கே தரம் பார்க்கிறவள். பெயர் செல்வி.

வீட்டுக்குள்ளும் ஒரு சுவர்

ஒருத்தன் வரைபடம் இன்னொருத்தன் கண்ணில் படக்கூடாது என்று பட்டறைக்கு நடுவே கூரை வரை சுவர் எழுப்பியிருக்கிறார்கள். நீலக் கோட்டுக்காரர் பச்சைக் கதவில் கை வைத்தாலே மணி அலறும். இதில் விசேஷம் என்னவென்றால், என் வீட்டுக்காரர் நீலப் பக்கம் மெஷின் ஓட்டுகிறார். வேலை விஷயத்தை வீட்டில் பேசமாட்டோம் என்று இருவருமே கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதனால் மல்லாட்டை (எங்கள் ஊரில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர்) விலை, தண்ணீர் வராத குழாய், மாமியாரின் மூட்டுவலி என்று ஊர்க்கதை முழுவதும் பேசுவோம். அதற்கு மேல் மூச்.

ஒருநாள் அவர் விரலில் கட்டோடு வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். "சொல்லக் கூடாது" என்றார். நானும் நியாயம்தான் என்று மஞ்சள் அரைக்கப் போய்விட்டேன். கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்த என் மாமியார் துடுப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஊர்ல புருசன் பொண்டாட்டி சண்ட போட்டுக்கினு பேசாம இருப்பாங்க. நீங்க சம்பளம் வாங்கிக்கினு பேசாம இருக்கீங்களேடி."

அப்பளம்

நீலக் கம்பெனி ஆட்களும் பச்சைக் கம்பெனி ஆட்களும் ஒரே நாளில் வராதபடி முதலாளி பார்த்துப் பார்த்து நாள் குறிப்பார், கல்யாணத்துக்குக் குறிக்கிற மாதிரி. அப்படியும் ஒருமுறை நீலக்காரர் ஒருநாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார். ஆளுக்கொரு கார், ஆளுக்கொரு வாசல் என்று காலை நேரத்தை எப்படியோ ஓட்டிவிட்டோம். மதியச் சாப்பாட்டை யோசிக்க மறந்துபோனோம். இரண்டு டிரைவர்களும் தங்களுக்குத் தெரிந்த ஒரே நல்ல மெஸ்ஸுக்கே கொண்டுபோய் விட்டார்கள்.

பச்சைக்காரருக்கு இலை போட்டாகிவிட்டது. எதிர் இலையில் நீலக்காரர் வந்து உட்கார்ந்தார். பச்சைக்காரரோடு துணைக்குப் போயிருந்த நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு முதலாளியைப் பார்த்தேன். முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. இரண்டு வெள்ளைக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பல வருஷப் பழக்கமாம். ரசம் வரும்வரை பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினார்கள். முதலாளி போய் மன்னிப்புக் கேட்கவும், நீலக்காரர் இங்கிலீஷில் சொன்னதை முதலாளியே பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "எங்க போட்டியெல்லாம் மேல ஆகாயத்துல. இங்க எனக்கு இன்னொரு அப்பளம் கெடைக்குமா?"

பொட்டு வைத்த பிடி

மாதிரிப் பிடி தயாராகிவிட்டது; மறுநாள் போக வேண்டும். அன்றைக்கு ஆயுத பூஜை. மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை தின்று வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலையில் பெட்டியில் வைப்பதற்காகப் பிடியை எடுத்தேன். நெற்றி என்று எதை நினைத்தாரோ தெரியவில்லை, சரியாக நடுவில் ஒரு பொட்டு. பச்சைப் பிரிவின் மெஷின்காரர் ஏழுமலை அண்ணன் கைவரிசை. "எல்லா மெஷினுக்கும் வச்சிக்கினு வந்தேன். ஊரு விட்டு ஊரு போற புள்ள, இத மட்டும் எப்டிமா வெறும் நெத்தியா அனுப்புறது?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் திட்ட வாய் வரவில்லை.

துடைத்துவிட்டு அனுப்பலாம் என்று பலரும் சொன்னார்கள். துடைத்தால் கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் விமானத்தில் ஏறுகிற ஒவ்வொரு பொருளும் எதனால் ஆனது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குங்குமத்தில் என்ன கலந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. நாள் தள்ளினால் பச்சைக்காரன் கைகழுவிவிடலாம். ஆனாலும் நான்தான் அதில் சிவப்பு அட்டையைக் கட்டி, கழித்த சாமான் போடுகிற கம்பிக்கூண்டில் வைத்துப் பூட்டினேன். முதலாளி அவகாசம் கேட்டு வாங்கினார்; ஏழுமலை அண்ணன் வேறொன்று கடையத் தொடங்கினார். யாரோ போய் எங்கள் தர மேலாளர் மேரி மேடத்திடம் முறையிட்டார்கள். மேடம் தலையைக்கூட நிமிர்த்தவில்லை: "குங்குமத்துக்கு சர்ட்டிபிகேட் இருந்தா கொண்டாங்க, இப்பவே பாஸ் பண்றேன்."

கம்பிக்கூண்டும் கேள்வியும்

இரண்டாவது பிடி போய்ச் சேர்ந்த பிறகு, பட்டறையை நேரில் பார்க்கப் பச்சைக் கம்பெனி ஓர் அதிகாரியை அனுப்பியது. ஓசூர்க்காரர், தமிழ் ஆள். பளபளவென்று துடைத்து வைத்த எதையும் அவர் பார்க்கவில்லை. நேராகக் கம்பிக்கூண்டுக்குப் போனார். உள்ளே பொட்டும் பூவுமாக (பூ, ஏழுமலை அண்ணன் பிறகு கம்பி வழியாகச் செருகியது) எங்கள் முதல் பிடி. என்ன இது என்றார். மறைக்கத் தோன்றவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன்.

அவர் தலையாட்டிவிட்டு, யார் சொல்லித் தெரிந்ததோ, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம்தானேம்மா? நீலக்காரனுக்குப் புதுசா என்ன செய்றாங்க?"

எங்கள் எல்லோருடைய வேலையும் இந்த மனிதர் எழுதப்போகிற நாலு வரியில் இருக்கிறது. கேட்டதற்குப் பதில் இல்லை என்றால் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். பின்னால் பெண்கள் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். "தெரியாதுங்க சார். தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேங்க. உங்க விஷயத்த அந்தப் பக்கம் கேட்டாலும் இதேதான் சொல்லுவேன்" என்றேன். சொன்ன பிறகுதான் வாடிக்கைக்காரரிடமே இப்படிப் பேசிவிட்டோமே என்று உறைத்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காரில் ஏறும்போது முதலாளியிடம் மட்டும் சொன்னார்: "பிடி தேறுமான்னு ஆபீஸ்ல முடிவு பண்ணுவாங்க. இந்தம்மா தேறிட்டாங்க."

பஸ்ஸில்

ஒரு சாயங்காலம், கிளம்புகிற நேரத்தில் மேரி மேடம் என்னைக் கூப்பிட்டுக் காதோடு சொன்னார். பிடி தேறிவிட்டது. பச்சைப் பிரிவு நிற்கும். காலையில் முதலாளி எல்லோருக்கும் சொல்வார், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே என்றார். கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் நாங்கள் செய்தது கதவைப் பிடித்துக்கொள்ள, முன்பின் தெரியாத ஜனங்கள் அதை நம்பிப் பறக்கப்போகிறார்கள் என்று நினைத்தபோது மார் விம்மியது. பெருமை என்றால் பெருமைதான். அதை வேறு எப்படிச் சொல்வது?

பக்கத்தில் அவர். போட்டிக் கம்பெனி ஆள். அவரிடமும் சொல்லக் கூடாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, விக்கிரவாண்டி தாண்டும்வரை உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டையை என் மடியில் வைத்தார். குனிந்து மெதுவாகச் சொன்னார்: "நீ ஒண்ணும் சொல்ல வாணாம். மூஞ்சி பூரா பாஸ் சீல் குத்திக்கினு வந்திருக்கே."

இப்போதெல்லாம் விழுப்புரத்தில் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே விமானம் போனால், இருவரும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்து, அவரவர் கம்பெனிக்கு அவரவர் பெருமைப்பட்டு, ஒன்றாகவே வாயை மூடிக்கொள்கிறோம்.