ஒன்பதாம் விதி

எங்கள் அலுவலர் மன்றத்தின் ரம்மிப் போட்டி விதிகளில் ஒன்பதாவது இது: “மூவர் ஸ்கூட் சொல்லிவிட்டால், மீதமுள்ள இருவரும் அந்த ஆட்டத்தை ஆடியே தீர வேண்டும்.” எழுதியவன் நான். தட்டச்சு செய்தவனும் நானே.

அப்போது அரியலூர் தனி மாவட்டம். தகுதிச் சுற்றில் மேசையில் மிஞ்சும் நான்கு பேர் திருச்சி இறுதிப் போட்டிக்குப் போகலாம். நால்வருக்கும் ஒரே மரியாதை, முதலிடம் என்று தனியாக எதுவும் இல்லை. பல வருஷம் மற்றவர்கள் திருச்சி போக நான் கடிதம் தயாரித்திருக்கிறேன். மறு வருஷம் எனக்கு ஓய்வு. ஓய்வு பெற்றவர் ஆட முடியாது. அதுவும் நான் எழுதிய விதிதான்.

ஐந்து பேர் மிஞ்சினோம். இருநூற்றைம்பது புள்ளி சேர்ந்தால் வெளியே. சீட்டு எடுக்கும் முன்பே ஸ்கூட் சொல்லி ஒதுங்கினால் இருபது புள்ளி ஏறும். சர்வேயர் இருநூற்று முப்பத்தைந்தில் இருந்தார். அவரால் ஒதுங்க முடியாது. நான் இருநூற்று இருபத்தொன்று. மற்ற மூவருக்கும் அவசரமே இல்லை.

முதலில் சொல்ல வேண்டியவன் நான். கையில் ஹார்ட்டின் நாலு, ஐந்து, ஆறு, ஏழு, இரண்டு ஜோக்கர், இன்னும் இரண்டு சீட்டு வந்தால் முடிந்தது. ஆனால் நான் ஜெயிக்கத் தேவையில்லை, சர்வேயர் தோற்றால் போதும். அதைப் பின்னால் இருக்கும் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஸ்கூட் சொன்னேன்.

அடுத்தவரும் அப்படியே நினைத்தார். அதற்கடுத்தவரும். நான்காவதாக மன்றத் தலைவர். ஒன்பதாம் விதிப்படி அவர் ஆட வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஸ்கூட் என்றார். என் உயர் அதிகாரியும் அவரே. நான் தொண்டையைச் செருமினேன், அவ்வளவுதான்.

தனியே நின்ற சர்வேயருக்குப் பூஜ்யம்.

“நாலு பேரும் ஓடிட்டீங்க சார். எனக்கு ஓட வழியில்ல, அதான் உக்காந்திருந்தேன்” என்றார்.

இப்போது நான் இருநூற்று நாற்பத்தொன்று. இனி எனக்கும் ஸ்கூட் கிடையாது. அடுத்த ஆட்டத்துச் சீட்டை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். எதற்கும் எதற்கும் சம்பந்தமில்லை. மூவரும் நிம்மதியாக ஒதுங்கினார்கள். ஐந்தாவது சுற்றில் சர்வேயர் முடித்துவிட்டார்; நான் வெளியே.

எழுந்த பிறகுதான் விதியைச் சொன்னேன். தலைவர் கோபப்படவில்லை.

“ரூல் எழுதுனதே நீங்கதான? அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

திருச்சிக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன், விதியின் நகலுடன். இறுதிப் போட்டி முடிந்தது. நினைவூட்டு அனுப்பினேன். ஓய்வு பெற்றேன். மாவட்டம் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது; மன்றமும் சேர்ந்தது; என் மனு இரண்டு ஊருக்கும் நடுவே அலைந்தது.

கடைசியில் ஒரு கடிதம் வந்தது. விதி மீறப்பட்டது உண்மை, அந்தத் தகுதிச் சுற்றை மனுதாரருக்கு மீண்டும் நடத்தலாம், அவர் பணியில் இருக்கும்பட்சத்தில், என்று இருந்தது. பெற்றுக்கொண்டதற்கு வழக்கம்போல் ஓரத்தில் தேதி குறித்தேன்: 2003, ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.