விதிக்குள் கருவாடு வந்த கதை

விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் உதவியாளராக இருந்தபோது ஆங்கிலத்தில் ஒரு வரைவு விதி வந்தது. கடலில் மீன்வளம் குறையாதபடி பிடித்த மீனுக்குச் சான்றிதழ் தருவார்கள். விருப்பமுள்ளவர்கள் வாங்கலாம், கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்று சொல்ல நாற்பது பக்கத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதைத் தமிழாக்கச் சொல்லி என் மேலதிகாரி என்னிடம் கொடுத்தார். நாங்கள் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிற குடும்பம். மீனை நான் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன். ‘சஸ்டெயினபிள்’ என்ற சொல்லோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி, கடைசியில் ‘நீடித்து நிலைக்கும் மீன்’ என்று எழுதினேன். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தைத் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். கடற்கரையில் புரொஜெக்டர் சரியாகத் தெரியாதாம். மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பங்களிலிருந்து முப்பது பேர்போல வந்திருந்தார்கள். நான் விதியை வாசித்து முடித்ததும், திண்டிவனம் மார்க்கெட்டில் மீன் விற்கிற ஓர் அம்மா எழுந்தார்.

“நீடிச்சு நிக்கிற மீனுன்னா கருவாடுதானே சார்? அதுக்கு எதுக்கு சர்ட்டிபிகேட்டு?”

மண்டபமே சிரித்தது. நான் விளக்கப் பார்த்தேன். அதற்குள் மேலதிகாரி, “நல்ல பாயிண்ட், எழுதிக்கங்க” என்றார். ‘கருவாட்டையும் விதியில் சேர்க்க வேண்டும் எனப் பயனாளிகள் கோரினர்’ என்று எழுதினேன். அப்படி யாரும் கோரவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சில மாதங்களில் திருத்திய வரைவு வந்தது. கருவாட்டுக்குத் தனி அத்தியாயம். எந்தப் படகு, எந்த வலை, எத்தனை நாள் வெயில் என்று எல்லாம் எழுதி வைக்க வேண்டும். சேர விருப்பமில்லாதவர்கள் அதற்கான காரணத்தைப் படிவத்தில் நிரப்பித் தர வேண்டும்.

படிவக் கட்டோடு திண்டிவனத்தில் பஸ் மாறி, மரக்காணம் போய், ஷேர் ஆட்டோவில் அந்த மீன்கார அம்மாவின் குப்பத்துக்குப் போனேன். முதல் தடவை எல்லோரும் கடலுக்குப் போயிருந்தார்கள். இரண்டாம் தடவை ஊர்க்கூட்டம். மூன்றாம் தடவைதான் அவர் சிக்கினார். மணலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். விருப்பமில்லை என்ற படிவத்தை நீட்டினேன்.

“இதுல இன்னா எழுதணும்?”

“ஏன் விருப்பமில்லைன்னு காரணம் எழுதணும்மா.”

“விருப்பம்னா?”

“அதுக்குக் காரணம் வேணாம். கையெழுத்து போட்டா போதும்.”

“அப்ப அதையே குடு சார். இத்த எழுதிக்கினு இருந்தா மீன யாரு திருப்பிப் போடுறது? நீயும் மூணுவாட்டி பஸ் மாறி வந்துட்ட.”

நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். என் மேல் இரக்கப்பட்டு அவர் போட்ட அந்தக் கையெழுத்தைத் தவிர, அந்த விதியில் யாரும் மனமாரச் செய்த காரியம் எதுவுமில்லை. பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது.

மேலதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ‘ஆர்வத்துடன் முன்வந்த பெண் பயனாளி’ என்று அறிக்கை போனது. ஆனால் விதி கடைசிவரை அரசிதழில் வரவில்லை. வரைவு பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். அந்த அம்மாவின் விண்ணப்பத்தையாவது திருப்பித் தரலாமே என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். விதி நடைமுறைக்கு வந்தால்தான் விலகும் வழியும் நடைமுறைக்கு வரும் என்று பதில் வந்தது.

ஒருநாள் மார்க்கெட்டுக்கே போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு சங்கரா மீனுக்குச் செதில் எடுத்தார்.

“அப்ப நான் அதுல சேந்துகினேனா, இல்லியா?”

“விண்ணப்பிச்சிருக்கீங்க.”

“எதுக்கு?”

அடுத்த மீனைக் கையில் எடுத்தவர், “கொஞ்சம் தள்ளி நில்லு சார், பின்னாடி ஆள் நிக்கிறாங்க” என்றார்.